உப்பு ஏறிய வயலில் ஒரு தூக்க மூலக்கூறு

"நெல்லுக்கு மெலடோனின் தெளித்தால் உப்பைத் தாங்கும் என்கிறார்களே, அது தூக்க மாத்திரை இல்லையா?" என்று நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கடலோரத்தில் நிலம் வைத்திருப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆமாம், அதே பொருள்தான். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் குழு மாட்டின் மூளையிலுள்ள பினியல் சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தது. செடிகளிலும் இருக்கிறது என்பது 1995இல்தான் உறுதியானது. டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து நெல் இதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

வேரடியில் உப்பு கூடினால் தண்ணீரை இழுப்பது கடினம். இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், கார்பன் டை ஆக்சைடு உள்ளே வராது. வெயில் மட்டும் குறையாது. இலையில் ஒளியைப் பிடித்து உணவாக்கும் பசுங்கணிகத்தில் பிடித்த ஒளிக்கு வேலை இல்லாமல் போக, எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் மேல் போய் ஏறுகின்றன. சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, எல்லாவற்றிலும் பொல்லாத ஹைட்ராக்சில் என்று வரிசையாகக் கிளம்பி, செல் சவ்வின் கொழுப்பை அரிக்கின்றன.

இங்கேதான் மெலடோனினின் அழகு. செடியில் இவற்றை அடக்கும் வைட்டமின் சி ஓர் எலக்ட்ரானைக் கொடுத்ததும் களைத்துவிடும், நொதிகள் வந்து அதை மீட்டெடுக்க வேண்டும். மெலடோனின் இரண்டு ஹைட்ராக்சிலைத் தீயை அணைப்பதுபோல் அணைத்துவிட்டு 3-ஹைட்ராக்சிமெலடோனின் ஆகிறது. அதுவும் சும்மா இருப்பதில்லை, அடுத்ததைப் பிடிக்கிறது. பிடித்ததில் அதன் இந்தோல் என்ற அணு வளையம் உடைந்து ஏஎஃப்எம்கே என்ற பொருள் வருகிறது. அதிலிருந்து ஏஎம்கே. உடைந்த துண்டுகூட அணைக்கும் வேலையைத் தொடர்கிறது! முதல்முறை படித்தபோது தாளில் கட்டம் கட்டமாக வரைந்து பார்த்தேன், அத்தனை சந்தோஷம். அதைவிட, மெலடோனின் உருவாகும் இடங்களில் பசுங்கணிகமும் ஒன்று. தீ பற்றும் வீட்டுக்குள்ளேயே தண்ணீர்த் தொட்டி.

ஆனால் அளவைப் பாருங்கள். இலையில் மெலடோனின் நானோகிராம் கணக்கில்தான் இருக்கிறது, வைட்டமின் சியோ அதைவிடப் பல மடங்கு. அத்தனை தீயையும் இந்தச் சொற்பத்தால் அணைக்க முடியாது. அதனால் செடியின் மற்ற பாதுகாப்புகளைக் கிளப்பிவிடச் செய்தி சொல்வதும் அதன் முக்கிய வேலை என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து மெலடோனின் கொடுத்த செடிகளில் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் போன்ற நொதிகளின் செயல்பாடு கூடுகிறது, உப்பிலிருந்து ஏறும் சோடியம் குறைந்து, செடிக்குத் தேவையான பொட்டாசியம் தங்குகிறது.

சரி, வாங்கித் தெளிக்கலாமா? இதுவரை நடந்த சோதனைகளில் பெரும்பாலானவை தொட்டியிலும் ஆய்வகத்திலும், நாற்றுப் பருவத்தில். அளவு கூடினால் வேர் வளர்ச்சியே குன்றும். உண்மையான உவர் வயலில் மூன்று நான்கு பருவம் தொடர்ந்து பார்க்க வேண்டும். அந்த மெதுவான வேலைக்குப் பணம் கொடுக்க யாருக்கும் மனசு வருவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஆய்வுக் கட்டுரை சீக்கிரம் வரும் தொட்டிச் சோதனைக்கே பணம் போகிறது.

அதனால் வாசகருக்கு: இந்தப் பருவம் பாட்டிலுக்குச் செலவு செய்யாதீர்கள். வடிகாலைச் சரிசெய்து, மழைத் தண்ணீரைத் தேக்கி உப்பை வடித்துவிடுங்கள். அப்புறம் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள், உப்பு தாங்கும் ரகமாகப் பார்த்து நடுங்கள்.