எஸ்கேப்: விடுபடு விசை

"பில் வந்ததும் ஆள் எஸ்கேப்!" என்று பேச்சில் சொல்கிறோமே, அதே சொல்தான் விசைப்பலகையின் இடது மேல் மூலையிலும் இருக்கிறது. உடனே 'தப்பித்தல்' என்று தமிழாக்கத் தோன்றும். அந்த விசை எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால், அது பொருந்தாது.

வேர் இலத்தீன். 'எக்ஸ்' என்றால் வெளியே, 'கப்பா' என்றால் மேலங்கி. பிடித்தவன் கையில் அங்கியை விட்டுவிட்டு நழுவி ஓடுவதே பழைய பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

கணினிக்குள் இதைக் கொண்டுவந்தவர் ஐபிஎம்மில் இருந்த பாப் பீமர், ஆண்டு 1960. அப்போது கணினிக்குக் கணினி எழுத்துக் குறியீடு வேறாக இருந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஓர் அடையாள எழுத்து வேண்டும் என்றார் அவர். 'இதற்குப் பின்னால் வருவதை வழக்கம்போல் படிக்காதே' என்பதுதான் அந்த எழுத்தின் வேலை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் இன்றைய ஆஸ்கி அட்டவணையில் அதன் எண் 27.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேல் அம்பு விசையை அழுத்தினால் 'மேலே போ' என்று எதுவும் போவதில்லை. 27, இடது சதுர அடைப்பு, ஆங்கிலப் பெரிய 'ஏ' என மூன்று எழுத்துகள் போகின்றன. 1978இல் வந்த விடி100 முனையம், அதாவது கணினியோடு இணைக்கும் திரையும் விசைப்பலகையும் கொண்ட கருவி, இப்படித்தான் அனுப்பியது. அதற்கு முந்தைய விடி52 நடுவில் அடைப்பு இல்லாமல் அனுப்பியது. இன்றைய டெர்மினல் சாளரங்கள் இந்தப் பழைய முனையங்களைப் போல நடிக்கும் நிரல்கள், அதாவது எமுலேட்டர்கள். அதனால்தான் எந்த விசை எதை அனுப்பும் என்ற வரையறை இன்றும் தேவைப்படுகிறது.

ஒருமுறை தொலைவில் இருந்த சர்வரில் ஹோம் விசையை அழுத்தினேன். வரியின் தொடக்கத்துக்குப் போகாமல் ~ என்று ஒரு குறி விழுந்தது. கன்ட்ரோல்-வி அழுத்திவிட்டு மறுபடி ஹோமைத் தட்டினேன், என் டெர்மினல் அனுப்புவது அப்படியே தெரிந்தது: 27, அப்புறம் [1~. கட்டளைகளை வாங்கிச் செயல்படுத்தும் நிரலான ஷெல்லுக்கு அந்தத் தொடர் தெரியவில்லை, வால் மட்டும் திரையில் மிஞ்சிவிட்டது. எந்தத் தொடர் வந்தால் என்ன செய்வது என்று ஷெல்லுக்குச் சொல்லும் இன்புட்ஆர்சி கோப்பில் அந்தத் தொடருக்கு 'வரித் தொடக்கம்' என்று ஒரே ஒரு வரி சேர்த்து, ஷெல்லை மறுபடி திறந்தேன். சரியாகிவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? கலைச்சொல் பட்டியல்களில் 'விடுபடு விசை' என்று இருக்கிறது. எனக்கு அது மிகவும் பிடித்த ஆக்கம். 27க்குப் பின்னால் வரும் 'ஏ' தன் வழக்கமான பொருளிலிருந்து விடுபட்டு அம்பாகிறது. 'தப்பித்தல்' இதைச் சொல்லாது. 27இல் தொடங்கும் தொடருக்கு 'விடுபடு தொடர்' என்றும், 27க்கு 'விடுபடு எழுத்து' என்றும் வைத்துக்கொள்ளலாம். 'விடுபட்ட எழுத்து' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. வாக்காளர் பட்டியலில் விடுபட்ட பெயர் மாதிரி, எங்கோ ஓர் எழுத்து காணாமல் போனதாக ஆகிவிடும்.