கயாக் ஓட்டத்தில் திரும்பி வரும் தூரம்

தண்டையார்பேட்டையில் பிசியோதெரபி மையம் நடத்தும் என்னிடம், கழுத்து வலி, முட்டி வலிக்காரர்களுக்கு நடுவே இப்போது கயாக் என்னும் சிறு துடுப்புப் படகை ஓட்டிவிட்டு வருபவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். சென்ற மாதம் வந்த இளைஞர் ஒருவர், மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலே, முன்கையின் பின்புறத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே என் விரலை வைத்து மணிக்கட்டை மடக்கி நீட்டச் சொன்னபோது, புதுத் தோல் செருப்பு கிறீச்சிடுவதைப் போன்ற உராய்வு தோலுக்கடியில் தெரிந்தது. கட்டைவிரலை இயக்கும் தசைகள் மணிக்கட்டை நிமிர்த்தும் தசைநாண்களைக் குறுக்கே கடக்கும் அந்த இடத்தில், ஓயாமல் துடுப்புப் போடுபவர்களுக்கு அழற்சி ஏற்படுவதுண்டு.

எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து காலை 9 மணிக்குக் கிளம்பியவர், ஒன்றரை மணி நேரத்தில் உப்பங்கழியில் வடக்கே 7 கிலோமீட்டர் போயிருக்கிறார். ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறிக்கொண்டிருந்ததால் உள்நோக்கி ஓடிய தண்ணீரே பாதி வேலையைச் செய்திருக்கிறது. அதைத் தம் கைவலிமை என்று எடுத்துக்கொண்டார். சற்று இளைப்பாறிவிட்டு 11 மணிக்குத் திரும்பும்போது ஓதம் இன்னும் வற்றத் தொடங்கவில்லை. தென்கிழக்கிலிருந்து கடற்காற்றும் முகத்தில் அடித்தது. வந்து சேர 4 மணி நேரமாகியிருக்கிறது. நிமிடத்துக்கு 50 வீச்சு என்று வைத்தாலும், அன்று அவர் 15,000 முறைக்கு மேல் துடுப்புப் போட்டிருக்கிறார்.

பொழுதுபோக்குக் கயாக் ஏறத்தாழ 3 மீட்டர் நீளமும் முக்கால் மீட்டர் அகலமும் உள்ளது. கவிழாமல் இருக்கவே அப்படி அகலமாகச் செய்கிறார்கள். எவ்வளவு முக்கித் துடுப்புப் போட்டாலும் வேகம் பெரிதாகக் கூடாது. அசைவற்ற நீரில் மணிக்கு 4 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்து, எதிர்காற்றில் அதில் பாதிதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில், முதன்முறை ஓட்டுபவருக்குப் போக வர 5 கிலோமீட்டரே போதும். சில மாதங்கள் வாரந்தோறும் ஓட்டியவர் 10 முதல் 12 வரை போகலாம். 20 என்பது நல்ல பழக்கமுள்ளவர்களுக்கு, அதுவும் காற்றில்லாத நாளில் மட்டுமே. தொடக்கத்தில் காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்துப் போனால் திரும்புவது எளிதாகும் என்பது மீனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லாத பாடம்; நம்மைப் போன்றோருக்குத்தான் தேவைப்படுகிறது. கடற்காற்று எழும் முன்பே கரையேறிவிடுவது இன்னும் நல்லது.

மையத்தில் ஒரு துடைப்பக் கட்டையைக் கொடுத்து, துடுப்புப் போடுவதுபோல் இழுக்கச் சொன்னேன். விரல் மூட்டுகள் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்து, இடுப்பைத் திருப்பாமல் கையால் மட்டுமே இழுத்தார். பிடியைத் தளர்த்தி, மணிக்கட்டை நேராக வைத்து, உடலைத் திருப்பி இழுக்கப் பழகினால் சுமை முதுகுத் தசைகளுக்குப் போய்விடும். உப்புப் போட்ட மோரை மறக்காமல் எடுத்துச் செல்லவும், உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே கூடாது என்றும் சொன்னேன்.

மூன்று வார ஓய்வுக்குப் பிறகு எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்று கேட்டார். 4 கிலோமீட்டர் என்றேன்.

"போக மட்டுமா சார், போக வரவா?" என்றார்.