அம்மா குவைத்தில், பிள்ளை அம்மம்மாவுடன்

இலங்கையில் மூதூர், கிண்ணியா பக்கங்களில் அம்மா வளைகுடாவில் உழைக்க, பிள்ளை அம்மம்மாவிடமோ உம்மம்மாவிடமோ வளரும் வீடுகள் நிறைய. அப்படி வளர்வதால் பிள்ளை கெட்டுப்போகாது. இந்த மாதம் அம்மம்மா, அடுத்த மாதம் சித்தி, பிறகு மாமா வீடு என்று கைமாறும்போதுதான் பிள்ளை நொந்துபோகிறது. யார் பொறுப்பு என்பதைப் போகுமுன்பே முடிவுசெய்யுங்கள்; அம்மா திரும்பும்வரை அந்த ஆள் மாறக்கூடாது.

பிள்ளை நித்திரையாக இருக்கும்போது சொல்லாமல் வெளிக்கிடுவதுதான் பெரிய பிழை. அழுகையைப் பார்க்க மனம் பொறுக்காதுதான். ஆனால் விடிய எழும்பி அம்மாவைக் காணாத பிள்ளை அதற்குப்பிறகு நித்திரைகொள்ளவே பயப்படும். அம்மம்மா கிணற்றடிக்குப் போனாலும் பின்னால் ஓடும். பயணத்துக்கு மூன்று கிழமைக்கு முன்னரே, அம்மா வீட்டில் இருக்கும்போதே, குளிப்பாட்டுவது, சோறு தீத்துவது, படுக்கவைப்பது என்று ஒவ்வொன்றாக அம்மம்மா கையேற்கட்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு நாலைந்து நாள் முன் சொன்னால் போதும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். அம்மா உடுத்த சேலையொன்றைத் தோய்க்காமல் விட்டுச்செல்லுங்கள், அந்த மணத்தோடு பிள்ளை உறங்கும். பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி இரண்டும் அம்மம்மாவிடம் இருக்கட்டும்.

குவைத், சவுதி, கத்தார் நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் பின். இங்கே இரவு 7 மணியென்றால் அங்கே பின்னேரம் 4.30. கிழமையில் மூன்று நாளென்றாலும் அதே நாள், அதே நேரம் கோல் எடுங்கள். நாலு வயதுப் பிள்ளை வீடியோவில் பத்து நிமிடம் இருந்தாலே பெரிது. ஓடிவிட்டால் கோபமென்று எடுக்காதீர்கள். பெரிய பிள்ளையிடம் புலமைப்பரிசில் பரீட்சை மார்க்ஸ் கேட்டு ஏசி அந்த நேரத்தைக் கெடுக்கவும் வேண்டாம். "குழப்படி செய்தால் அம்மா வரமாட்டா" என்று வீட்டில் ஒருவரும் சொல்லக்கூடாது. ஒருநாள் கோல் வராவிட்டால், தன் குழப்படியால்தான் என்று பிள்ளை நம்பிவிடும்.

நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வருதல், பள்ளிக்கூட நாளில் மட்டும் காலையில் வயிற்றுவலி: இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் கதைக்கலாம். பிள்ளையை யாரும் துன்புறுத்துவதாகச் சந்தேகம் வந்தால் பொறுத்திருக்க வேண்டாம்: சிறுவர் உதவித் தொலைபேசி 1929, இரவு பகல் எந்நேரமும், இலவசம்.

திரும்பி வந்த அம்மாவைக் கண்டு பிள்ளை அம்மம்மாவின் சேலைக்குள் ஒளிக்கும். இழுத்து அணைக்காமல், பக்கத்தில் இருந்து விளையாடுங்கள். அம்மம்மா உடனே விலகினால் பிள்ளைக்கு அது இன்னொரு பிரிவு. முதல் சில கிழமை அவவே படுக்கவைக்கட்டும். குளிப்பாட்டுவதில் தொடங்கி, போகுமுன் கைமாறிய அதே ஒழுங்கில் ஒவ்வொரு வேலையாகத் திரும்ப எடுங்கள்.