ஊக்கம்: அம்பிஷனுக்கு நம்மிடம் இருந்த சொல்

யாங்கோனில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "சார், அம்பிஷனுக்குத் தமிழில் என்ன?" பக்கத்தில் இருந்த பெண் முந்திக்கொண்டு, "பேராசை" என்றாள். பையன் முகம் வாடிவிட்டது. கப்பல் எஞ்சினியர் ஆக வேண்டும் என்பது அவன் கனவு. அதைப் போய்ப் பேராசை என்றால் பிள்ளைக்கு வலிக்காதா?

அவள் அந்தச் சொல்லை எங்கே பிடித்தாள் என்று எனக்குப் புரிந்தது. அளவு மீறி ஆசைப்படுகிறவரைப் பர்மியர் 'லோப' பெரிது என்பார்கள். நம் 'பேராசை' அப்படியே அதே கட்டு. பாலி வழியாக வந்த இந்த லோபம், பௌத்தம் சொல்லும் மூன்று தீய வேர்களில் ஒன்று. தமிழிலும் அது உலோபமாக இருக்கிறது. ஆனால் நமக்கு உலோபி என்றால் கஞ்சன். அவர்களுக்கு லோப என்பது வாரிச் சேர்க்கும் ஆசை.

அம்பிஷன் இலத்தீன் சொல். வேர்ப்பொருள் 'சுற்றி நடப்பது'. பழைய ரோமில் பதவிக்கு நின்றவர்கள் வெளுத்த ஆடை உடுத்தி, ஊரைச் சுற்றி ஆதரவு கேட்பார்கள். பதவி வேட்கை என்ற பொருள் அப்படித்தான் வந்தது. அதன் உடன்பிறப்பான 'அம்பிட்டுஸ்' தேர்தல் லஞ்சக் குற்றத்தின் பெயர், கி.மு. 63இல் ரோமின் ஆட்சித் தலைவர்களில் ஒருவரான சிசரோ அதற்குத் தண்டனையைக் கடுமையாக்கினார். ஆக, பேராசை கைக்கு வரும் பொருளைப் பார்க்கிறது, அம்பிஷன் ஏறி நிற்கும் இடத்தைப் பார்க்கிறது.

ஏறுவதற்கு வள்ளுவர் வைத்த சொல் ஊக்கம். ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே கொடுத்துப் புகழ்ந்தவர், வலியறிதலில் அதே சொல்லால் எச்சரிக்கிறார்:

உடைத்தம் வலியறியார் ஊக்கத்தின் ஊக்கி
இடைக்கண் முரிந்தார் பலர்.

தம் வலிமை அறியாமல் ஊக்கத்தால் முனைந்து, நடுவழியில் முறிந்துபோனவர் பலர் என்று பொருள். மூன்று குறள் தள்ளி, நுனிக்கொம்பு வரை ஏறியவன் அதையும் தாண்ட ஊக்கினால் உயிர் போகும் என்கிறார். ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தும் கொலைக்கு முன் தன் அம்பிஷனை, தாவிய வேகத்தில் மறுபக்கம் போய் விழுகிறவனாகத்தான் பார்க்கிறான். எனக்குக் கொம்பு உவமைதான் பிடிக்கிறது. அங்கே வரை ஏறியது தவறில்லையே! இன்றைக்கு நாம் ஊக்கத்தை ஊக்கத்தொகையாகச் சுருக்கிவிட்டோம்.

பர்மாவில் இந்தச் சொற்கள் நம் கதையாகவே நடந்தன. யாங்கோன் மொகல் தெருக் கிட்டங்கிகளிலிருந்து (வட்டிக்கடைகளிலிருந்து) நகரத்தார் என்ற செட்டியார்கள் கொடுத்த கடனில் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்கள் விரிந்தன. 1930இல் உலக மந்தம் வந்தது. நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈட்டு நிலம் கைக்கு வந்தது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த அவர்களுடைய நிலம் 1937இல் 25 விழுக்காடு ஆனது. பர்மியர் கண்ணுக்கு அது லோப. நம் வீடுகளில் அது உழைப்பு. எனக்கு இரண்டும் முழுசாகப் பொருந்தவில்லை. நகரத்தார் கேட்டது பணம், நிலம் அல்ல. ஆனால் ஒரே பயிரின் விலையை நம்பிக் கடன்மேல் கடன் ஏற்றியது, வள்ளுவர் சொன்ன 'ஊக்கத்தின் ஊக்கி'தான். 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது பலர் காடும் மலையும் கடந்து நடந்தே ஓடினார்கள். 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது.

சரி, பையனுக்கு என்ன சொன்னேன்? அம்பிஷனுக்கு ஊக்கம். அது எல்லை மீறினால் மிகையூக்கம் என்று எழுதலாம். பேராசையைப் பொருளாசைக்கே விட்டுவிடுவோம். நோட்டில் எழுதிக்கொண்டவன், "நுனிக்கொம்பு எது என்று ஏறும்போதே தெரியுமா சார்?" என்று கேட்டான். அடுத்த வாரம் வலியறிதல் அதிகாரம் முழுவதையும் படிப்பதாக இருக்கிறோம்.