தண்ணீருக்குள் தம் கட்டாதீர்கள்

நீச்சல் பழக வரும் பெரியவர்கள் பலருக்குக் கையும் காலும் சீக்கிரமே படிந்துவிடும். மூச்சுதான் படியாது. "நாலு கை போட்டதும் மூச்சு வாங்குது மாஸ்டர், ஸ்டாமினா பத்தலை" என்பார்கள். மூன்று மாடி ஏறுகிறவருக்கு, தினமும் ஷட்டில் ஆடுகிறவருக்குத் தண்ணீரில் மட்டும் எங்கே போனது ஸ்டாமினா? பெரும்பாலும் அவர் தம் கட்டுகிறார், அவ்வளவுதான்.

முகம் உள்ளே போனதும் வாயையும் மூக்கையும் இறுக்கிக்கொள்கிறோம். உடம்பு உழைப்பதால் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகிறது. மூச்சு முட்டுவது பெரும்பாலும் அதனால்தான். ஆக்சிஜன் தீர்ந்ததால் அல்ல. அப்புறம் தலையைத் தூக்கும் ஒரு நொடிக்குள் பழைய காற்றை விட வேண்டும், புதியதையும் இழுக்க வேண்டும். இரண்டுக்கும் நேரம் ஏது? அரைகுறையாக விட்டு, அரைகுறையாக இழுத்து மறுபடி உள்ளே போகிறோம். நாலைந்து முறை இப்படி ஆனால் பயம் பிடித்துவிடும்.

மூச்சை விட வேண்டியது தண்ணீருக்குள்ளேயே. நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாயால் சாதாரணமாக மூச்சு வாங்கி, முகத்தை உள்ளே வைத்து "ம்ம்ம்..." என்று முனகுங்கள். முனகும்போது மூக்கு வழியாகக் காற்று போய்க்கொண்டே இருக்கும். தண்ணீர் மூக்கில் ஏறாது. குமிழிகள் ஒரே வீச்சில் கொட்டாமல் சீராக வர வேண்டும். மிச்சக் காற்றை வாயால் ஊதிவிட்டு முகத்தை வெளியே எடுங்கள். இப்போது வாயைத் திறந்தாலே காற்று தானாக உள்ளே வரும்.

இந்தப் பயிற்சியில் நான் பார்ப்பது கையைத்தான். வெளியே வந்ததும் முகத்தைத் துடைக்கக் கை போகிறதா? அப்படியென்றால் இன்னும் நாளாகும். நீந்தும்போது அந்தக் கைக்கு வேறு வேலை இருக்கிறது.

ஃப்ரீஸ்டைலில் தலையைத் தூக்காதீர்கள், உடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். தலை ஏறினால் இடுப்பு தாழும், காலும் தாழும். ஒரு காதும் ஒரு கண்ணும் தண்ணீரிலேயே இருக்கட்டும். சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் பழகியவர்களுக்கு இது சிரமம். தலை நிமிர்ந்து நீந்தியே பழக்கம். எத்தனை கைவீச்சுக்கு ஒரு மூச்சு என்று யூடியூப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஆரம்பத்தில் வசதியான ஒரு பக்கமாக, இரண்டு கைவீச்சுக்கு ஒருமுறை போதும்.

கோடை விடுமுறையில் பையன்கள் விளையாடும் "யார் அதிக நேரம் முங்கியிருக்கிறது" போட்டியை நான் அனுமதிப்பதே இல்லை. முங்குமுன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவார்கள். அதனால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. கார்பன் டை ஆக்சைடுதான் குறைகிறது. மூச்சு முட்டும் உணர்வு தாமதமாகும். அதற்குள் ஆக்சிஜன் தாழ்ந்து, எந்த அறிகுறியும் இல்லாமல் மயங்கிவிடலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும், இடுப்பளவுத் தண்ணீரிலும் இது நடக்கும். கரையில் இருப்பவர் பையன் விளையாடுகிறான் என்றே நினைப்பார். அசையாமல் கிடந்தால் யோசிக்காமல் தூக்குங்கள். மூச்சில்லை என்றால் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது எதுவும் வேண்டாம். வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்தி முதலுதவியைத் தொடங்குங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

ஆஸ்துமா உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தாராளமாகப் பழகலாம். முதல் நாளே மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். இன்ஹேலரை லாக்கரில் பூட்டாமல், கைக்கு எட்டும்படி குளத்தோரம் வையுங்கள்.