இங்கிலீஷ் தெரியும், ஆனா வாய் வரமாட்டேங்குது

மலேசியாவுல, பினாங்குல யூனிவர்சிட்டி பிள்ளைங்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். தமிழ்ப்பள்ளியில படிச்சு எஸ்பிஎம் பரீட்சை, மெட்ரிக் கோர்ஸ்னு முடிச்சிட்டு வர்ற நம்ம பிள்ளைங்க கிட்ட எப்படி ப்ராக்டிஸ் பண்றீங்கன்னு கேட்டா முக்கால்வாசிப் பேரு படம் பாக்கிறேன் சார், கிராமர் புக் செய்றேன் சார்னுதான் சொல்றாங்க. நல்லதுதான், ஆனா ரெண்டுலயும் வாயைத் திறக்கிற வேலையே இல்லையே. யூனிவர்சிட்டி சேர்றதுக்கு எழுதுற மூவெட் இங்கிலீஷ் பரீட்சையில ஸ்பீக்கிங்குக்கு மட்டும் 360ல 90 மார்க், அதுலயும் குரூப் டிஸ்கஷன்னு வந்துட்டா அடுத்தவங்க சொல்றதைக் கேட்டு அங்கேயே பதில் சொல்லணும், மனப்பாடம் கைகொடுக்காது.

நான் பாத்த வரைக்கும் பிள்ளைங்க மாட்டிக்கிறது கிராமர்ல இல்ல, ஒரு வார்த்தை வராம நிக்கிற அந்த இடத்துலதான். இஞ்சினியரிங் பையன் ஒருத்தன் பைப் கசிவைப் பத்தி நல்லா பேசிக்கிட்டே வந்தான், வாஷர்ங்கிற வார்த்தை மட்டும் வரல, தரையைப் பாத்துட்டு "சாரி சார்"னு போய் உக்காந்துட்டான். அதே இடத்துல இன்னொரு பிள்ளை "தி ஸ்மால் ரப்பர் ரிங், இட் ஸ்டாப்ஸ் தி வாட்டர்"னு கையால வட்டம் போட்டுக் காட்டிட்டு மேல பேசிக்கிட்டே போச்சு, யாருக்கும் புரியாம போகல. மொழி ஆராய்ச்சியாளர் ரெபெக்கா ஆக்ஸ்ஃபர்ட் 1990ல மொழி கத்துக்கிற உத்திகளை ஆறு வகையா பிரிச்சாங்க, அதுல காம்பன்சேஷன், அதாவது தெரியாததை வேற வழியில ஈடுகட்டுறதுன்னு ஒரு வகையே இதுக்குன்னு இருக்கு. ஆக இது ஏமாத்து வேலை இல்ல, பழகிக்க வேண்டிய திறமை, என்னைக் கேட்டா இதைத்தான் முதல்ல பழகணும்.

அடுத்தது 4/3/2ங்கிற பேச்சுப் பயிற்சி. ஒரே விஷயத்தை முதல்ல ஒருத்தர்கிட்ட 4 நிமிஷம் சொல்லுங்க, அப்புறம் வேற ஒருத்தர்கிட்ட 3 நிமிஷத்துல, மூணாவது ஆள்கிட்ட 2 நிமிஷத்துல. என்ன சொல்றதுன்னு யோசிக்கிற வேலை முதல் தடவையே முடிஞ்சிடுறதால மூணாவது தடவை நாக்கு தானா ஓடும், திக்கல் குறையிறது உங்களுக்கே கேக்கும். பிஎஃப்எம் 89.9 இங்கிலீஷ் ரேடியோவைப் போட்டு அவங்க பேசப் பேச கூடவே பேசிப் பாக்கிறதும் உச்சரிப்புக்கு நல்லது.

இதையெல்லாம் கெடுக்கிறது நம்ம கூட்டாளிங்க சிரிப்புதான். மாமாக் சாப்பாட்டுக் கடையில ஒரு பிள்ளை இங்கிலீஷ்ல ரெண்டு வரி பேசினா "வெள்ளைக்காரி வந்துட்டா"ன்னு கிண்டல் பண்றாங்க, அப்புறம் அந்தப் பிள்ளை செமஸ்டர் பூரா வாயைத் திறக்கிறதில்ல. சீனியர்ஸ், தயவுசெஞ்சு இதை விடுங்க. தனியா பேசத்தான் தைரியம் வருதுன்னா போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, ஒரு வாரம் கழிச்சு அதே தலைப்புல இன்னொண்ணு பண்ணி ரெண்டையும் கேட்டுப் பாருங்க, எங்கெங்க நிக்கிறீங்கன்னு குறிச்சு வச்சுக்கிட்டு அடுத்த கிளாஸுக்கு எடுத்துட்டு வாங்க.