சும்மா இருந்து ஓட்டுறதுக்கு என்ன அலுப்பு?

போன வருடம் லீவில் கிளிநொச்சி வீட்டுக்கு வந்த முதல் நாள். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். ஜன்னலுக்கு அம்மாவின் பழைய சேலையை இரண்டாக மடித்துக் கட்டிவிட்டுப் படுத்திருந்தேன். முந்தாநாள் இரவு முழுக்கப் பறந்து டியூட்டியை முடித்து, அப்படியே பயணியாக ஏறிக் கட்டுநாயக்காவில் இறங்கி, அங்கிருந்து இரவு பஸ் பிடித்து வந்திருந்தேன். இரண்டு இரவு நித்திரை இல்லை. முற்றத்தில் பக்கத்து வீட்டு மாமியின் குரல் கேட்டது.

"என்ன அக்கா, பெடியன் இன்னும் எழும்பேல்லையே? பிளேன் தானாத்தானே ஓடுமாம். சும்மா இருந்து ஓட்டுறதுக்கு என்ன அலுப்பு?"

மாமியில் எனக்குக் கோபம் இல்லை. வன்னியில் அலுப்பு என்றால் உடம்பால் வருவது. நெல்மூட்டை தூக்கினால், பச்சைமிளகாய்த் தோட்டத்துக்கு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டினால் அலுப்பு. குளிரூட்டிய அறைக்குள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கதிரையில் இருப்பவனுக்கு அது எங்கிருந்து வரும்? கேட்பது நியாயம்தான். ஆனால் இந்தக் கேள்வியை ஊர் மாத்திரம் கேட்பதில்லை. விமானிகளாகிய நாங்களே எங்களைக் கேட்கிறோம். பல நேரம் அதற்குப் பயந்துதான் "ஏலாது" என்ற சொல்லை விழுங்கிக்கொண்டு கொக்பிட்டில், அதாவது விமானி அறையில், ஏறுகிறோம். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன்.

அன்று பின்னேரம் மாமியிடம் ஒன்று கேட்டேன். மாமா காலபோகக் கதிர் முற்றும் நாட்களில் யானைக் காவலுக்குப் போகிறவர். "மாமா இரவு முழுக்கக் கொட்டிலில் இருக்கிறாரே, யானை வராத நாளிலும் விடிய வரும்போது எப்படி வருவார்?" மாமி யோசிக்கவே இல்லை. "வராத நாளிலதான் தம்பி கூட அலுப்பு. வந்தா வெடியைக் கொளுத்திப் போட்டு, கத்திக் கலைச்சு, மனுசன் முழிப்பா இருக்கும். வராட்டி மூன்று மணிக்கு மேல கண் தானா மூடுமாம்."

என் வேலையை இதைவிடச் சரியாக ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஓட்டோ பைலட் விமானத்தைக் குறித்த உயரத்திலும் திசையிலும் பிடித்து வைத்திருக்கும். எந்த முகிலைச் சுற்றிப் போவது, எரிபொருள் காணுமா, இறங்கும் இடத்தில் மூடுபனி என்றால் எங்கே திரும்புவது என்பதையெல்லாம் மனிதன்தான் முடிவெடுக்க வேண்டும். மிச்ச நேரம் முழுக்கக் காவல். ஒன்றும் நடக்காத இருட்டில், ஒரே சீரான இரைச்சலுக்குள், மங்கலான வெளிச்சத்தில் கண்விழித்து இருப்பது. அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணி வரை உடம்பின் மணிக்கூடு ஆகக் கீழே இறங்கியிருக்கும் நேரம் என்று எங்கள் சட்டப் புத்தகங்களிலேயே இருக்கிறது. எத்தனை வருடம் இரவில் பறந்தாலும் அது பழகாது.

என் கையால் நடந்ததைச் சொல்கிறேன். இரவு 9 மணிக்குப் புறப்பட்டு, நாலு மணித்தியாலம் பறந்து, அங்கே ஒரு மணித்தியாலம் நின்று, அதே விமானத்தில் திரும்பி வரும் வேலை. அந்த வாரத்தில் அது மூன்றாவது இரவு. விடிய நாலு மணிக்குக் கிட்ட, எரிபொருள் அளவை எழுத வேண்டிய கட்டத்தில் நேரத்தை எழுதியிருந்தேன். வெட்டிவிட்டுத் திரும்ப எழுதினேன். மறுபடியும் நேரத்தைத்தான் எழுதியிருந்தேன். திரையில் இலக்கம் தெரிகிறது, கண் வாசிக்கிறது, மண்டைக்குள் போகவில்லை. அப்போதுதான் கப்டன் என் தோளைத் தட்டினார். கட்டுப்பாட்டு நிலையம் எங்கள் பெயர் சொல்லி மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. முதல் இரண்டும் எனக்குக் கேட்கவில்லை. கப்டனுக்கும் கேட்கவில்லை. பின்னால் 160க்கு மேற்பட்ட சனம் நல்ல நித்திரையில்.

ஒன்றும் நடக்கவில்லை. பத்திரமாக இறங்கினோம். அடுத்த இரவுக்கும் அதே வேலை போட்டிருந்தது. அலுப்பு, பறக்கும் நிலையில் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். ரோஸ்டர், அதாவது வேலை அட்டவணை, போடும் ஒபிசிலிருந்து போன் வந்தது. மரியாதையாகத்தான் கதைத்தார்கள். "மற்றவர்கள் எல்லாரும் செய்கிறார்களே, உங்களுக்கு மட்டும் ஏன்?" அவ்வளவுதான். அடுத்த மாதம் நான் கேட்டிருந்த இரண்டு லீவு நாளும் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று என்னால் நிரூபிக்க ஏலாது. ஆனால் அதன்பிறகு ஒரு வருடம் நான் அலுப்பு என்று எழுதிக் கொடுக்கவே இல்லை. அந்த வருடத்தில் எத்தனை இரவு கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

இது சில்லறை விஷயம் இல்லை. 2010 மே 22, டுபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 8 பேர்தான் தப்பினார்கள். கொக்பிட் ஒலிப்பதிவில் கப்டனின் குறட்டைச் சத்தம் இருந்தது. ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் நித்திரை கொண்டுவிட்டு, விமானம் இறங்க வேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் முன்னர்தான் எழும்பியிருக்கிறார். ஆழ்ந்த நித்திரையிலிருந்து எழும்பியவுடன் மனிதன் முழு மனிதன் இல்லை. கண் திறந்திருக்கும், கை வேலை செய்யும், புத்தி பின்னால்தான் வரும். உதவி விமானி திரும்ப மேலே ஏறச் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

2024 ஜனவரி 25இல் இந்தோனேசியாவில் நடந்தது யாரும் சாகாததால் பலருக்குத் தெரியாது. கெண்டாரியிலிருந்து ஜகார்த்தா போன பட்டிக் ஏர் விமானத்தில் இரண்டு விமானிகளும் ஏறக்குறைய 28 நிமிடம் நித்திரை. கப்டன் சொல்லிவிட்டுத்தான் படுத்தார். விழித்திருக்க வேண்டிய உதவி விமானி தன்னை அறியாமல் கண் மூடிவிட்டார். விசாரணை அறிக்கையில் ஒரு வரி என் மனதை விட்டுப் போகவில்லை. அவர் வீட்டில் ஒரு மாதமான இரட்டைக் குழந்தைகள். இரவில் மனைவிக்கு உதவியாக எழும்பி எழும்பிப் பார்த்துவிட்டு வேலைக்கு வந்திருக்கிறார். அவர் ஒரு நல்ல தகப்பன். அவருக்கு அன்று தேவைப்பட்டது "இன்றைக்கு ஏலாது" என்று சொல்ல ஓர் இடம்.

17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் கவனம் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. பல நாடுகளில் வாகனம் ஓட்டவே தடையான அளவு அது. குடித்துவிட்டு வரும் விமானியைப் பொலிஸ் பிடிக்கும். நித்திரை இல்லாமல் வருகிறவனை ஒரு கருவியும் பிடிக்காது. அவன் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

அப்படியானால் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. வருடத்துக்கு 900 அல்லது 1000 மணித்தியாலத்துக்கு மேல் பறக்கக்கூடாது என்று பெரும்பாலான நாடுகளில் வரம்பு உண்டு. இதைக் கேட்டுவிட்டு என் மச்சான் ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்தார், ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலமும் வராதே என்று. அந்தக் கணக்கில் வருவது விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரைக்குமான நேரம் மட்டும். வீட்டிலிருந்து விமான நிலையம் போவது, புறப்படுவதற்கு முன்னான ஆயத்தம், தாமதமான விமானத்துக்குள்ளேயே காத்திருப்பது, போன் அடித்தால் ஓட வேண்டும் என்று உடுப்போடு வீட்டில் ஸ்டான்ட்பை இருப்பது, இவை எதுவும் அந்த ஆயிரத்துக்குள் வராது. சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கும், ஆளுக்கு நித்திரை மட்டும் இருக்காது. இந்தியாவில் விமானிகளின் வாராந்த ஓய்வை 36 மணித்தியாலத்திலிருந்து 48 ஆக்கி, இரவில் விமானம் தரையிறக்கும் எண்ணிக்கையையும் குறைத்து விதி கொண்டுவந்தார்கள். அதன் இரண்டாம் கட்டம் நடைமுறைக்கு வந்த அடுத்த மாதமே, 2025 டிசம்பரில், ஆள் போதாமல் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகின. சனம் விமான நிலையங்களில் பட்ட பாட்டைப் பார்த்தோம். எனக்கு அதில் தெரிந்தது வேறு. அதுவரை அந்த விமானங்கள் எல்லாம் எவருடைய நித்திரையில் பறந்துகொண்டிருந்தன?

விமானிகள் நாலு பேர் ஹோட்டல் வானில் ஏறினால் பறப்பைப் பற்றிக் கதைப்பது குறைவு. ரோஸ்டர் எப்போது வரும், பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேட்ட லீவு கிடைத்ததா, அந்த ஹோட்டலில் ஜன்னல் திரை மூடுமா, கதவுக்கு வெளியே பகலில் தூசு உறிஞ்சும் மெஷின் போடுவார்களா, யாருக்கு மெடிக்கலில் பிரஷர் கூடிவிட்டது, யாருக்குப் பதவி உயர்வு தள்ளிப்போனது. எந்த வேலைத்தளத்திலும் சனம் கதைப்பதுதான். ஆனால் இறங்கும்போது ஒருவர் "சரி, ஒன்றும் எழுதிக் கொடுக்காதே, பேரைக் குறித்து வைப்பார்கள்" என்பார். அந்தக் கடைசிப் பேச்சுத்தான் ஆபத்தானது.

அதற்குப் பின்னால் கடன் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெற்றோர் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். வன்னியில் இப்போது பிள்ளையை விமானியாக்க வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். எனக்குச் சந்தோஷம். என் வயதுக்காரருக்கு விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடியதுதான் முதல் ஞாபகம். இன்று அதே ஊர்ப் பிள்ளை பலாலியில் விமானம் இறங்குவதைப் பார்த்து நானும் ஓட்டுவேன் என்கிறது. ஓட்டட்டும். ஆனால் காணியை ஈடு வைத்து, நகையை வங்கியில் வைத்து, வெளிநாட்டு மாமாவிடமும் வாங்கிப் படிப்பிக்கிறோம். வணிக விமானி உரிமம் எடுத்த பிறகும் குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சி தனி. அதற்கு இன்னொரு பெரிய தொகை, இல்லையென்றால் இத்தனை வருடம் வேலையை விட மாட்டேன் என்ற பொண்ட். அந்தப் பாரத்தோடு கொக்பிட்டில் ஏறும் 23 வயதுப் பிள்ளை ஒருநாளும் "ஏலாது" என்று சொல்லாது. சொல்ல விடாமல் வைத்திருப்பது கொம்பனி மட்டும் இல்லை, ஈட்டில் இருக்கும் காணியும்தான்.

ஒரு சதம் கட்டுவதற்கு முன்னர் விமானிகளுக்கான முதலாம் தர மருத்துவப் பரிசோதனையைச் செய்யுங்கள். நிறக்குருடு இருக்கிறது என்று பாதிப் படிப்பில் தெரியவந்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடக் காலத்தில் அவன் கண்ணைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. காசு போனது, அதைவிட மனம் போனது. அப்புறம், உரிமம் எடுத்த மறுநாளே வேலை என்று எந்தப் பறப்புப் பள்ளி சொன்னாலும், அதை எழுத்தில் கேளுங்கள்.

மனதைப் பற்றியும் சொல்ல வேண்டும். விமானிக்கு வருடம் ஒருமுறை, வயது கூடினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெடிக்கல். அதில் தவறினால் அன்றோடு சம்பளம் நிற்கலாம். அதனால் நித்திரை வரவில்லை, மனம் சரியில்லை என்று டொக்டரிடம் சொல்லவே பயம். 2015 மார்ச்சில் ஜேர்மன்விங்ஸ் விமானத்தை உதவி விமானியே மலையில் மோதி 150 பேர் இறந்த பிறகுதான், ஐரோப்பாவில் விமானிகள் சக விமானிகளிடம் இரகசியமாக மனம்விட்டுக் கதைக்க ஒரு ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டது. கதைத்தவர்களில் பெரும்பாலானவர்கள் திரும்பவும் பறக்கக் கூடியவர்கள். மறைப்பவரைத்தான் காப்பாற்ற வழியில்லை.

வீட்டுக்காரர் செய்யக்கூடியது நிறைய. பகலில் படுத்திருக்கும் பிள்ளைக்கு "ஒரு நிமிஷம்தான்" என்று போன் எடுக்காதீர்கள். அந்த ஒரு நிமிஷம் இரண்டு மணித்தியால நித்திரையை உடைக்கும். இரவு டியூட்டிக்கு முந்தின நாள் கலியாண வீடு, அந்தியேட்டி, காணிப் பிரச்சினை எதற்கும் கூப்பிடாதீர்கள். "இன்றைக்கு லீவு போட்டிட்டன்" என்று சொன்னால் சம்பளம் வெட்டுவார்களா என்று முதலில் கேட்காதீர்கள்.

போன மாதம் வந்தபோது கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்ஸில் ஏறினேன். சித்தப்பாவின் மகன்தான் ட்ரைவர், என்னைவிட மூத்தவர். முன் சீட்டில் இருந்தேன். என்னுடைய மணித்தியாலத்தையாவது ஒரு கொம்பியூட்டர் கணக்கு வைக்கிறது. அண்ணையின் கணக்கு அவருக்கு மட்டும்தான் தெரியும். முந்தின இரவும் அவர்தான் இந்தப் பஸ்ஸைக் கொண்டு போனவர். மாங்குளம் தாண்டியதும் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் சிமிட்டுவது குறைந்திருந்தது. ஒரு கையால் பிடரியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த முகத்தைத் தெரியும், விடிய நாலு மணிக்கு பக்கத்து சீட்டில் பார்த்திருக்கிறேன்.

"அண்ணை, முறிகண்டியில 20 நிமிஷம் படுங்கோ."

"இன்னும் 80 கிலோமீற்றர்தானே தம்பி. வந்திட்டம்."

வந்திட்டம் என்று நினைக்கும் இடத்தில்தான் கவனத்தை விடுகிறோம் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. முறிகண்டியில் வழக்கம்போல எல்லாரும் இறங்கினார்கள், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள், கச்சான் வாங்கினார்கள். அண்ணை பின் சீட்டில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். பத்து நிமிடம் போக ஒரு ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். "என்ன, பஸ் எடுக்கேல்லையோ?" கொண்டக்டர் பதில் சொல்வதற்கு முன், கையில் கச்சான் சரையோடு நின்ற ஓர் அம்மா "ட்ரைவர் படுத்திருக்கிறார், படுக்கட்டும்" என்றார். ஐயா திரும்பிப் போய்த் தேத்தண்ணீர்க் கடை வாங்கில் இருந்தார்.

20 நிமிடத்தில் எழுப்பினேன். உடனே சாவியை எடுக்கப் போனவரை விடவில்லை. முகம் கழுவ வைத்து, பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, இன்னும் கொஞ்ச நேரம் கதைத்துக்கொண்டு இருந்தேன். மாமியின் மனுசன் யானைக்குக் காவல் இருந்த கதையைச் சொன்னேன். அண்ணை சிரித்தார், கண் தெளிந்திருந்தது. கிழக்கு வெளுக்கத் தொடங்கியபோது பஸ் வெளிக்கிட்டது.